தரையைப் பார்த்த டிரைவர்

பள்ளி வேன் ஓட்டும் அந்த மனிதருக்குப் புத்தி சொல்வதும் சுவரோடு பேசுவதும் ஒன்றுதான். டாக்டர் கொடுத்த மாத்திரையைக்கூட இரண்டு கேள்வி கேட்டுவிட்டுத்தான் விழுங்குவார். உட்கார்ந்து உட்கார்ந்தே இறுகிப்போன இடுப்புக்காக அவரை யோகா வகுப்புக்கு இழுத்து வருவதற்குள் அவர் மனைவிக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றைக்குப் பரிவிருத்த அர்த்த சந்திராசனம். பேரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது. ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலைப் பின்னால் நீட்டி, குனிந்து எதிர்க் கையைத் தரையில் ஊன்ற வேண்டும். பிறகு உடம்பைத் திருகி, இன்னொரு கையை மேலே தூக்க வேண்டும்.

"தொடைக்கு பலம், முதுகு இளகும், தடுமாறாம நிக்கப் பழகும்," என்றார் ஆசிரியை. "முதுகுல அடிபட்டவங்க, கர்ப்பமா இருக்கறவங்க செய்ய வேணாம். மத்தவங்க தூக்கின கையப் பாருங்க. தலைசுத்தல் இருந்தா மட்டும் சுவரோரமா நின்னு தரையவே பாருங்க."

மனைவி ஓரக்கண்ணால் பார்த்தாள். அவர் சத்தமில்லாமல் சுவரோரம் நகர்ந்து, குனிந்து தரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு கேலி இல்லை, எதிர்ப்பேச்சு இல்லை. சொன்ன பேச்சை அப்படியே கேட்டார். மேலே தூக்கிய அவள் கை தானாக இறங்கியது.

வெளியே வந்ததும், செருப்பைக்கூட மாட்டாமல் கேட்டாள். "எத்தனை நாளா தலை சுத்துது?"

"யாருக்கு?"

"பின்ன எனக்கா? மறைக்காம சொல்லுங்க."

அவர் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டார். "கொஞ்ச நாளாத்தான். சட்டுனு திரும்புனா சுத்துது. வெளிய சொன்னா வண்டிய விட்டு இறக்கிடுவாங்க. ஸ்டியரிங்க விட்டா எனக்கு வேற என்னடி தெரியும்?"

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பாள். ஆனால் அவர் கை வேன் சாவியை இறுகப் பிடித்திருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எவ்வளவு வீம்பு பிடித்தாலும் அந்த மனுஷன்மேல் அவளுக்கு உயிர்.

"பிள்ளைங்க ஏறுற வண்டிங்க," என்றாள் மெதுவாக.

அவர் போனை எடுத்துப் பள்ளி மேலாளரைக் கூப்பிட்டார்.

"சார், நாளைக்கு வேற டிரைவரப் போடுங்க. இல்ல சார், ஊருக்கெல்லாம் போகல. எனக்குத் தலை சுத்துது. டாக்டர் சரின்னு சொல்ற வரைக்கும் நான் பிள்ளைங்கள ஏத்த மாட்டேன்."

பேசி முடித்ததும் வேன் சாவியை அவள் உள்ளங்கையில் வைத்து மூடினார். பிறகு, போகிறவர் வருகிறவர் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல், அவள் தோளில் சாய்ந்து அழுதார்.