பொன்னையா விற்ற புத்தகங்கள்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை நாகலெட்சுமி டீச்சர் இலங்கை மலைநாட்டு வட்டவளையில் காலை ரயில் ஏறி அட்டனுக்குப் போய்விடுவாள். இரவு சிநேகிதி வீட்டில் தங்கி ஞாயிறு மாலைதான் திரும்புவாள். தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்து இரைச்சலுக்குப் பிறகு அவளுக்கு அந்த டவுன் அவ்வளவு பிடிக்கும். சந்தைப் பக்கம் குவிந்து கிடக்கும் பழைய கம்பளிச் சட்டைகளைக் கிளறி, முழங்கை நைந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். பிறகு சரிபுதீன் நானாவின் கடை. அங்கே முன்னால் பழைய பாத்திரங்கள், உள்ளே பழைய புத்தகங்கள்.

ஐம்பத்தாறாம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. கணவர் இராமையாவுக்குச் சாம்பல் நிறக் கோட்டு ஒன்று வாங்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தாள்.

"புதுசா ஒரு கட்டு வந்திருக்கு டீச்சர். நீங்க பாக்கட்டும்னு வச்சிருக்கேன்" என்றார் நானா.

கயிற்றை அவிழ்த்தாள். மேலே ஒரு கணக்குப் புத்தகம். அதற்கடியில் தடித்த ஆங்கில அகராதி. முதல் பக்கத்தில் சாய்ந்த எழுத்தில், 'ச. பொன்னையா, திருச்சி, 1941.'

"இத யாரு கொண்டாந்தா நானா?"

"தலவாக்கலைப் பக்கத்துக் கணக்கப்பிள்ளை ஒருத்தரு. இந்தியாவுக்கே போறாராம். நாளைக்கு ரயில்னு சொன்னாரு. ஏன் டீச்சர், தெரிஞ்சவரா?"

"என் தம்பி."

மூன்று வாரத்துக்கு முன்புதான் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானா கட்டை அவள் பக்கம் தள்ளினார். "கொண்டு போங்க, காசு வேணாம்." அவள் தலையை ஆட்டி மறுத்துவிட்டுத் தலவாக்கலை பஸ்ஸுக்கு ஓடினாள்.

பொன்னையாவின் குவாட்டர்ஸில் சுவரெல்லாம் வெறுமையாக இருந்தது. அவன் தகரப் பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"யாரு சொன்னா அக்கா?"

"உன் டிக்‌ஷனரி சொல்லிச்சு. ஏன்டா எங்கிட்ட மறைச்ச?"

"சொன்னா மச்சான் இன்னொரு தடவை அப்பீல் போடலாம்பாரு. நாலு வருஷமா கவர்மெண்டுக் கந்தோரு கந்தோரா அலைஞ்சாச்சுக்கா. திருச்சியில படிச்ச ரெண்டு வருஷம் இந்த நாட்டுல இல்லையாம், அதனால பிரஜாவுரிமை இல்லையாம். முடிஞ்சிருச்சு."

"அங்க நமக்கு யாருடா இருக்கா?"

"இங்க மட்டும் நான் யாரு?" அவன் குரல் உயர்ந்தது. "நான் கேட்டேனா, படிக்க அனுப்புங்கன்னு? நீதானே அப்பாகிட்ட அடம்புடிச்சு அனுப்புன!"

உண்மைதான். அவன் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி ஏறக்கூடாது என்று அவள்தான் இரண்டு நாள் பட்டினி கிடந்து அப்பாவைச் சம்மதிக்க வைத்தாள். நாட்டை விட்டு எங்கும் போகாத அவளுக்கு, இராமையாவோடு சேர்த்துப் போட்ட மனுவில் பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது.

பொன்னையா பெட்டிமேல் உட்கார்ந்தான். "தப்பா பேசிட்டேன்க்கா."

"தப்பா பேசல."

அன்று சாயங்காலம் அவள் சோறு வடித்தாள். இருவரும் பாதியில் எழுந்துவிட்டார்கள்.

ஞாயிறு காலை ஒரே ரயிலில் புறப்பட்டார்கள். அட்டன் கடந்தது. வட்டவளை வந்ததும் பொன்னையா அவள் பையை எடுத்துக் கொடுத்தான். அவள் வாங்கவில்லை.

"பொல்காவலை வரைக்கும் வர்றேன்."

"டிக்கெட்டு இது வரைக்கும்தானே? நாளைக்குப் பள்ளிக்கூடம் வேற இருக்கு."

"இருக்கட்டும்."

வழியெல்லாம் மன்னிப்புக் கேட்க நினைத்தாள். அவன் சட்டைப் பொத்தான் தளர்ந்திருக்கிறது என்றுதான் சொல்ல வந்தது. பொல்காவலையில், இந்தியக் கப்பலுக்குக் கொண்டுபோய் விடும் தலைமன்னார் ரயில் தயாராக நின்றது. அவன் ஏறி, ஜன்னல் வழியாக அவள் கையைப் பிடித்துக்கொண்டான். ரயில் நகர்ந்ததும் விட்டுவிட்டான்.

கார்த்திகையில் ஒரு கடிதம் வந்தது. திருச்சியில் ஒரு அச்சகத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். வெயில்தான் தாங்க முடியவில்லையாம். கடைசியில், 'என்னைப் படிக்க அனுப்பியது தப்பே இல்லை அக்கா' என்று எழுதியிருந்தான்.

மற்றதையெல்லாம் இராமையாவுக்குச் சத்தமாக வாசித்தாள். அந்த ஒரு வரியை மட்டும் அவளால் வாசிக்க முடியவில்லை.