போடியாரின் டீசல்

மட்டக்களப்புக் கச்சேரியில் அரச கிளாக்கராக இருந்த பேர்னாட்டுக்கு மார்கிறட் மீது காதல் இருந்தது, கார் இருக்கவில்லை. மார்கிறட்டின் தகப்பன், ஓய்வுபெற்ற ஓவசியர் யோசேப், சொந்தக் கார் இல்லாதவனுக்கு மகளைக் கொடுப்பதில்லை என்ற கொள்கை உடையவர். அவரிடமும் கார் கிடையாது. கொள்கை இருக்கிற இடத்தில் கார் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

எனவே பேர்னாட், தன் பெரிய கிளாக்கர் ஹெக்டரின் ஒஸ்ரின் காரை இரவல் வாங்கி, ஞாயிறு பூசை முடிந்த கையோடு, "என்ட கார்தான், ஏறுங்க ஐயா" என்று தகப்பனையும் மகளையும் ஏற்றிக்கொண்டான். மண்முனைத் துறையில் காரைப் பாதை என்கிற மிதவையில் ஏற்றி வாவியைக் கடந்து, கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஓவசியருக்கு இருந்த வயலைப் பார்க்கப் போனார்கள். அதைக் குத்தகைக்குச் செய்தவர் ஊரின் பெரிய நிலக்காரர், போடியார் கந்தப்போடி. அந்த வயல் வட்டையில் பாதி அவருடையது; மற்றப் பாதியும் அவரைக் கேட்டுத்தான் விளையும்.

எருமைகளை விட்டு நெற்சூடு மிதிக்கும் களவெட்டிக்குச் சற்றுத் தள்ளி வினாயகமூர்த்தியின் கராஜ் இருந்தது. உள்ளே போடியாரின் உழவு மெசின் பல துண்டுகளாக ஓய்வெடுத்துக்கொண்டிருந்தது. வெளியே இரண்டு பரல்கள். ஒன்றில் பெற்றோல், மற்றதில் டீசல்.

"அண்ணே, நிரப்பி வையுங்க" என்று பேர்னாட் சொல்ல, எல்லோரும் போடியார் வீட்டுக்கு இளநீர் குடிக்கப் போனார்கள்.

வினாயகமூர்த்தி யோசித்தார். பெற்றோல் என்பது கண்டவர் நின்றவர் மோட்டார் சைக்கிளுக்கெல்லாம் போடுகிற சாமான். டீசல் அப்படியல்ல, போடியாருக்கென்றே எடுத்து வைத்தது. வந்திருப்பவர்களோ போடியாரின் விருந்தாளிகள். விருந்தாளிக்கு இரண்டாந்தரம் ஊற்றினால் ஊர் என்ன சொல்லும்? டாங்கி நிரம்ப டீசலை ஊற்றி, மூடியையும் துடைத்து வைத்தார்.

திரும்பிப் புறப்பட்ட கார் களவெட்டிவரை நல்ல பிள்ளையாகப் போயிற்று. அங்கே இருமியது. பிறகு வெள்ளைப் புகை கக்கி நின்றது. சூடு மிதித்துக் களைத்து நின்ற எருமைகள் திரும்பிப் பார்த்தன.

"என்னண்ணே ஊத்தினீங்க?" என்று ஓடிவந்த வினாயகமூர்த்தியிடம் கேட்டான் பேர்னாட்.

"டீசல். போடியார்ர பரலுக்குள்ள இருந்து எடுத்த சாமான்."

"இது பெற்றோல் கார் அண்ணே!"

"அப்ப போடியார்ர சாமான் கூடாது எண்டு சொல்றீங்க?"

வழியனுப்ப வந்த கந்தப்போடியின் மீசை அசைந்தது. "என்ட டீசல்ல என்ன பிழை தம்பி?"

"பிழை ஒண்டுமில்ல போடியார்" என்றான் பேர்னாட். "நல்ல டீசல். காருக்குத்தான் அந்தளவு தகுதி இல்ல."

"உங்கட கார்தானே? திறந்து பாருங்களன்" என்றார் ஓவசியர்.

பொனற்றைத் திறப்பதற்காகப் பேர்னாட் ஒரு பிடியை இழுத்தான். வைப்பர் ஆடியது. இன்னொன்றை இழுத்தான். பிடி கையோடு வந்தது.

"புதுச் சாப்பாடு, அதுதான்" என்று வினாயகமூர்த்தி நோயைக் கண்டுபிடித்தார். "கொஞ்சத் தூரம் இழுத்தாச் செமிச்சிரும்."

மெசின் துண்டுகளாகக் கிடந்ததால், போடியார் நான்கு எருமைகளை முன் பம்பரில் கட்டினார். ஓவசியர் முன்னாலும் மார்கிறட் பின்னாலும் ஏற, பேர்னாட் ஸ்டியரிங்கைப் பிடித்தான். "பொலி! பொலி!" என்று போடியார் குரல் கொடுத்தார்.

அந்த எருமைகள் பிறந்து படித்தது ஒரே தொழில்: பொலி என்றால் சுற்ற வேண்டும். சுற்றின. ஒஸ்ரின் களவெட்டியை வலம் வரத் தொடங்கியது.

"துறை அந்தப் பக்கம்!" என்று கத்தினார் ஓவசியர்.

"ரெண்டு தரம் கிறுகினா ரோட்டுக்கு வந்திரும்" என்றார் போடியார்.

வரவில்லை. ஓவசியரின் முகம் இளம் நாற்றின் நிறத்துக்கு மாறியது. "போதும்! போதும்!"

போடியார் காதைப் பொத்திக்கொண்டார். "ஐயோ ஓவசியர்! களத்துக்குள்ள போதும் எண்டு சொல்லப்படாது, வெள்ளாமைக்குக் கூடாது! பொலி எண்டு சொல்லுங்க!"

"பொலி! பொலி!" என்று அலறினார் ஓவசியர். எருமைகள் வேகமெடுத்தன.

"தம்பி, பிறேக்கைப் பிடியன்!"

"பிடிச்சா பம்பர் கழண்டிரும் ஐயா!"

"கழரட்டும்! உன்ட பம்பர்தானே!"

"என்ட இல்ல ஐயா! ஹெக்டர் ஐயாட பம்பர்!"

ஓவசியர் கத்துவதை நிறுத்திப் பேர்னாட்டைத் திரும்பிப் பார்த்தார். சுற்றுவது மட்டும் நிற்கவில்லை.

"எனக்கு வரக்குள்ளயே தெரியும் அப்பா" என்ற மார்கிறட், பின் சீட் இடுக்கிலிருந்து எடுத்ததை நீட்டினாள். "இந்தாங்க, ஹெக்டர் ஐயாட பல்லுக்கட்டு."

பல்லுக்கட்டு ஓவசியரைப் பார்த்துச் சிரித்தது.

"பொய்க் காரைக் காட்டியோ என்ட மகளைக் கேட்ட?"

"இன்னும் கேக்கல்ல ஐயா. இறங்கினாப் பிறகு கேப்பம் எண்டு இருந்தன்."

மார்கிறட் முன்னால் சாய்ந்து கைபிறேக்கில் கையை வைத்தாள். காரைப் பற்றிக் கொள்கை மட்டுமே வைத்திருந்த அவள் தகப்பனுக்கு அது என்னவென்று தெரியாது.

"அப்பா, இதை இழுத்தா நிக்கும். கார் இல்லாத மாப்பிள்ளை எண்டாலும் சரி எண்டு சொல்லுங்க, இழுக்கிறன்."

"என்னடி பகிடியோ? ஒருக்காலும் இல்ல!"

இன்னும் ஒரு சுற்று முடிந்தது. உள்ளே போன இளநீர் அவர் தொண்டைவரை வந்து விசாரித்துவிட்டுப் போயிற்று.

"இழு மகள், இழு! பஸ்ஸில கூட்டிப் போனாலும் நேராக் கூட்டிப் போவான்!"

இழுத்தாள். கார் நின்றது. பம்பர் மட்டும் எருமைகளோடு இன்னும் அரைச் சுற்றுப் போயிற்று.

"மாமா, பாத்து இறங்குங்க" என்றான் பேர்னாட்.

வினாயகமூர்த்தி டாங்கியைக் கழற்றி, டீசலைப் போடியாரின் பரலுக்கே பக்குவமாகத் திருப்பி ஊற்றினார். மனமில்லாமல்தான் பெற்றோலை நிரப்பினார்.

"சில பேருக்கு நெய்ச்சோறு ஒத்துக்காது" என்றார் போடியாரிடம்.

பம்பரைக் கூரையில் கட்டினார்கள். பல்லுக்கட்டை மார்கிறட் கைலேஞ்சியில் முடிந்துகொண்டாள். ஓவசியர் யோசேப் மட்டும் காரில் ஏற மறுத்து, துறைவரை நடந்தே வருவதாகச் சொன்னார். நேராக நடக்க அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.