கேட்டு வாங்கிய டி.சி.

என் மகள் அன்பரசி எட்டாவது படித்தாள். மலைக்குக் கீழே, ஜீப்பில் போய்வருகிற தனியார் பள்ளிக்கூடம். அவள் சாமைச்சோறு கொண்டுபோவதைப் பார்த்து வகுப்பில் ஒருத்தி தினமும் மூக்கைப் பொத்திக்கொள்வாளாம். ஒருநாள் இவள் அந்தச் சோற்றை அவள் தலையிலேயே கவிழ்த்துவிட்டாள். செய்தது தப்புதான். ஆனாலும் கேட்டபோது எனக்கு உள்ளூரக் குளிர்ந்தது, அதை மறைப்பானேன்.

ஒரு வாரம் சஸ்பெண்டு என்றார்கள். வாரம் போனதும் வழக்கம்போல வகுப்புக்கு வரலாம் என்று அர்த்தமாம். வாரம் முடிந்து அனுப்பினால், அப்பா அம்மா வந்தால்தான் உள்ளே விடுவோம் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். போனோம். ஹெட்மாஸ்டர் பாண்டுரங்கன் எங்களை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இன்னாப்பா, பொண்ண இப்டித்தான் வளப்பியா?"

அவ்வளவுதான். என் வீட்டுக்காரர் மாதையன் அங்கேயே அவளை அடிக்க ஆரம்பித்துவிட்டார். எங்கள் பக்கத்தில் அப்படித்தான். வாத்தியார் குறை சொன்னால் அப்பன் அடிப்பான், வாத்தியாரே எழுந்து வந்து "போதும், விடுப்பா" என்பார், விவகாரம் அதோடு தீர்ந்துவிடும். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் அடிப்பதும் ஹெட்மாஸ்டர் முகத்தைப் பார்ப்பதுமாக இருந்தார். ஹெட்மாஸ்டரோ டீ சிந்திவிடாமல் தம்ளரைத் தள்ளி வைத்துக்கொண்டார். நான் குறுக்கே விழுந்துதான் அவளைப் பிடித்து இழுத்தேன். அவள் அழவே இல்லை. ஹெட்மாஸ்டர் ஒரு தாளை எடுத்து இவர் பக்கம் நகர்த்தினார்.

"அடிச்சி முடிச்சிட்டியா? இதுல கையெழுத்து போடு. நாங்களா அனுப்பினா நடத்தை சரியில்லன்னு எழுதணும். நீயே டி.சி. கேட்டா நன்றுன்னு எழுதுவேன். பொண்ணு நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இவர் கையெழுத்துப் போட்டார். போதாததற்கு ஒரு கும்பிடு வேறு.

மறுநாள் மலைமேல் இருக்கும் அரசுப் பள்ளிக்கு அவளைச் சேர்க்கக் கூட்டிப்போனோம். தலைமையாசிரியை சிவசங்கரி டி.சி.யைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்களாவா கேட்டீங்க?"

நடந்ததைச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"எட்டாவது முடியற வரைக்கும் எந்தப் பள்ளிக்கூடமும் புள்ளைய வெளிய அனுப்ப முடியாதும்மா, சட்டம் அப்டி. சஸ்பெண்டுன்னா திரும்ப சேத்துக்கணும். டி.சி.ன்னா மொத்தமா போச்சு. அவங்களால முடியாதத உங்க கையால செய்ய வெச்சிருக்காங்க."

ஏமாற்றியவனைத் திட்டுவதா, ஏமாந்துவிட்டுக் கும்பிட்டு வந்த இந்த மனுஷனைத் திட்டுவதா? மாதையன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சரி, போனது போவட்டும். இங்க படிக்கட்டும்" என்று டீச்சர் அன்பரசியின் கையைப் பிடித்தார்.

அவள் கையை உருவிக்கொண்டாள். "டீச்சர், இங்க நான் தப்பு பண்ணா எங்கப்பாவக் கூப்புடுவீங்களா?"

"பின்ன? அப்பாவத்தானே கூப்புடணும்?" என்று டீச்சர் சிரித்தார்.

"அப்டின்னா எனக்குப் பள்ளிக்கூடமே வேணாம்."

சொல்லிவிட்டு வாசலைப் பார்த்து நடந்தாள். மாதையன் "அன்பு" என்று கூப்பிட்டார். மெதுவாகத்தான் கூப்பிட்டார். அந்தக் குரல் கேட்டதுமே அவள் முதுகைக் குறுக்கிக்கொண்டாள்.