பொலிவியாக்காரி

பல்லைப் பிடுங்கிக்கொள்ளத்தான் அந்த மாடிக்குப் போனேன். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மெடிக்கல் ஷாப்புக்கு மேலே. பாதிப் படி ஏறிய பிறகுதான் உறைத்தது, இது ஆல்வின் சாருடைய டிராவல்ஸ் இருந்த இடமாயிற்றே என்று. இப்போது பல் ஆஸ்பத்திரி. மருந்து வாடையும் ஏசிக் குளிருமாக அறையே ஆள் மாறிப் போயிருந்தது. ஜன்னல் மட்டும் அதே ஜன்னல். அதன் வழியாக மலைக்கோட்டையின் ஒரு ஓரம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு வருஷம் முழுக்க சிலி நாட்டுக்காகப் பேசியிருக்கிறேன்.

என் டோக்கனுக்கு இன்னும் நேரமிருந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். பல்வலி கொஞ்ச நேரம் மறந்தே போய்விட்டது.

ஆல்வின் சார் சரக்குக் கப்பலில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பி டிக்கெட் போட்டுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்தவர். வெளிநாடு போகிறவர்கள் வந்து உட்காருவார்கள். "துபாய் எந்தப் பக்கம்னு தெரியாமலே துபாய்க்குப் போறாய்ங்க. அங்க என்ன நடக்குது, நமக்கும் அவுகளுக்கும் என்ன சங்கதி, ஒண்ணும் தெரியாது" என்று புலம்பிக்கொண்டே இருந்தவர், ஒரு நாள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு ஆரம்பித்துவிட்டார். 'ஞாயிறு உலகம்' என்று பெயர். கட்டணம் கிடையாது. காலேஜ் பிள்ளைகளும் வந்தார்கள், வேடசந்தூர் மில்லில் ஷிப்ட் முடித்தவர்களும் வந்தார்கள், நிலக்கோட்டைப் பூ வியாபாரி முருகேசன் அண்ணனும் வந்தார்.

நான் இன்சூரன்ஸ் ஏஜென்ட். ஆள் கூடுகிற இடம் என்று கேள்விப்பட்டு, நாலு பாலிசி பிடிக்கலாம் என்றுதான் முதலில் போனேன். பாலிசி ஒன்றும் விழவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறும் கால் அங்கேதான் போனது.

"ஞாயித்துக்கெழமை கறி எடுத்து வச்சிருக்கேன். இந்த நேரத்துல ஒனக்கு உலகத்துல என்னடி வேலை?" என்பார் என் வீட்டுக்காரர். கறியை வேகப்போட்டு, விசிலை எண்ணச் சொல்லிவிட்டு நான் கிளம்பிவிடுவேன்.

வகுப்பில் ஒரு வழக்கம் இருந்தது. வருஷ ஆரம்பத்தில் ஒரு பிஸ்கட் டின்னில் நாடுகளின் பெயரைச் சீட்டாக எழுதிப் போட்டுக் குலுக்குவார்கள். எந்த நாடு வருகிறதோ அந்த வருஷம் அதுதான் நம் நாடு. அந்த நாட்டுச் செய்தியைப் படித்து வந்து சொல்ல வேண்டும். சண்டை வந்தால் அந்த நாட்டுக்காகப் பேச வேண்டும். முருகேசன் அண்ணனுக்கு நெதர்லாந்து விழுந்தது. அங்கே பூ ஏலம் எப்படி நடக்கிறது என்று அவர் சொல்ல ஆரம்பித்தால் டீ ஆறிப் போகும்.

2018-ல்தான் தமிழ்மதி வந்தாள். பி.காம் முடித்த பெண். ஒல்லியாக, எண்ணெய் வழிய இறுக்கிப் பின்னிய சடையோடு, கதவோரம் உட்கார்ந்திருந்தாள். சீட்டு எடுப்பதற்கு முன்னால் ஆளாளுக்குப் பெயரும் ஊரும் சொன்னோம்.

"தமிழ்மதி. முகாம்ல இருக்கேன் சார். இலங்கைத் தமிழர் முகாம்."

முருகேசன் அண்ணன் மனசில் எதையும் வைத்துக்கொள்ளாத ஆள். "அப்ப நீ எந்த நாட்டுக்காரி தாயி? இந்தியாவா, சிலோனா?" என்று கேட்டுவிட்டார்.

"இங்கதான் அண்ணே பொறந்தேன். ஆனா இந்த நாடு இல்ல. அந்த நாட்டை நான் பாத்ததே இல்ல" என்றாள். பிறகு பிஸ்கட் டின்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதான் இப்ப சீட்டு எடுக்கப் போறோம்ல?"

எல்லோரும் சிரித்தோம். ஆல்வின் சார் மட்டும் சிரிக்கவில்லை. எழுந்துபோய் டின்னை முதலில் அவளிடம் நீட்டினார். அவளுக்குப் பொலிவியா விழுந்தது. கடைசியில் எனக்குச் சிலி.

இரண்டும் தென்னமெரிக்காவில் பக்கத்துப் பக்கத்து நாடு என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நடந்த போரில் சிலி ஜெயித்து, பொலிவியாவின் கடற்கரை முழுவதையும் எடுத்துக்கொண்டது. அதிலிருந்து பொலிவியாவுக்குக் கடலே இல்லை. அந்தப் பஞ்சாயத்து நெதர்லாந்தில் இருக்கும் சர்வதேச நீதிமன்றம் வரைக்கும் போய், அந்த வருஷம் தீர்ப்புக்குக் காத்திருந்தது. ஆல்வின் சார் விடுவாரா? "கோர்ட்டுக்கு முன்னாடி நாம தீர்ப்புச் சொல்லிருவோம்" என்று ஆகஸ்ட் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வழக்கை நடத்தினார். மற்ற எல்லோரும் நீதிபதிகள். நானும் தமிழ்மதியும் எதிரெதிரே.

பேசியே பிழைக்கிறவள் நான். சின்னப் பெண்ணை ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன்.

"1904-லேயே ஒப்பந்தம் போட்டாச்சு" என்று ஆரம்பித்தேன். "ரெண்டு நாடும் கையெழுத்துப் போட்டிருக்கு. கையெழுத்துப் போட்டதுக்கப்புறம் எனக்குச் சரியா வெளங்கலைன்னு வந்து நின்னா, உலகத்துல ஒரு பத்திரம் நிக்குமா?"

கைதட்டல் விழுந்தது. தமிழ்மதி எழுந்தாள்.

"அக்கா சொல்றது சரி. கையெழுத்து இருக்கு. ஆனா தோத்தவன் போடுற கையெழுத்தும் ஜெயிச்சவன் போடுற கையெழுத்தும் ஒண்ணாக்கா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். "கடல் இல்லாத எங்க நாட்டுல இன்னமும் கப்பல்படை இருக்கு. ஏரியில ஓட்டிப் பழகுறாங்க. கேக்குறவுக சிரிப்பாக. நீங்களும் சிரிங்க. வருஷா வருஷம் கடல் நாள்னு ஒண்ணு கொண்டாடுறோம், கடலையே பாக்காத பிள்ளைகளும் ஊர்வலம் போகுதுக. ஏன்? என்னைக்காவது திரும்பப் போவோம்னுதான். நாங்க கடலைத் தூக்கிக் குடுங்கன்னு கோர்ட்டுல கேக்கல. எங்ககூட உக்காந்து பேசுங்கன்னுதான் கேக்குறோம். பேசுறதுக்குக்கூட ஆள் இல்லைன்னா நாங்க எங்க போறது?"

அவள் 'நாங்க' என்று சொன்னபோது எந்த நாங்கள் என்று எனக்குக் குழம்பியது. மறுத்துப் பேச எனக்கு வாய்ப்புக் கொடுத்தார்கள். எழுந்து நின்றேன், வேண்டாம் என்று கையைக் காட்டினேன். உட்கார்ந்துவிட்டேன். பெருவாரியான ஓட்டில் பொலிவியா ஜெயித்தது. அன்றிலிருந்து வகுப்பில் அவளுக்குப் பெயர் பொலிவியாக்காரி.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பேச்சுப் போட்டி. இதுபோல வகுப்பு நடத்துகிற ஊர்களிலிருந்து ஊருக்கு ஒருவர் வந்து பேச வேண்டும். எங்கள் ஊருக்குத் தமிழ்மதி என்று எல்லோரும் ஒரே வாக்காகச் சொன்னோம். முருகேசன் அண்ணன் அவளுக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்தார். கிளம்புகிற வாரம் அவள் மாடிப்படி ஏறி வந்து, கதவிலேயே நின்றாள்.

"சார், என்னால போக முடியாது. அந்தச் சனிக்கெழமை முகாம்ல ஆஜர் எடுக்கிறாங்க. ஆள் நேர்ல இருக்கணும். வெளியூர்ல தங்குறதுக்கு அனுமதி கேட்டு எழுதிக் குடுத்தோம். இன்னும் வரல."

ஆல்வின் சார் யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. விதி அப்படி என்றார்கள், அவ்வளவுதான்.

"புவனேஸ்வரியக்கா போகட்டும் சார்" என்றாள் தமிழ்மதி. "என்னைய எதுத்துப் பேசினவுக அவுகதான். என் வாதம் அவுகளுக்குத்தான் அத்துபடி."

பேச்சைப் பழகிக்கொள்ள நான் முகாமுக்குப் போனேன். அதற்கு முன் அந்தப் பக்கம் எத்தனையோ தடவை வண்டியில் போயிருக்கிறேன், உள்ளே போனதில்லை. நெருக்கி நெருக்கிக் கட்டிய சின்ன வீடுகள். அவள் அம்மா தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார். 1990-ல் மன்னாரிலிருந்து படகில் வந்தவர். நாங்கள் இரண்டு பேரும் பொலிவியா, கடல் என்று பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டுக்கொண்டே இருந்தவர் பொறுக்காமல் சொன்னார்:

"கடல் கடல் எண்டு ஏன் பிள்ளையள் இந்தப் பாடு? அந்தக் கடலாலதான் நாங்கள் வந்தனாங்கள். இரவு முழுக்க வாயில கைய வைச்சுக்கொண்டு, சத்தம் போடாமல். எனக்கு இப்பவும் அதை நினைச்சால் நெஞ்சு பதறுது."

"அம்மா, இது பொலிவியாவுக்கு" என்றாள் மகள்.

"ஆருக்கெண்டால் என்ன. கடல் கடல்தானே."

சென்னையில் மேடை பெரியது. கண்ணைக் கூசுகிற விளக்கு. பேசி முடித்ததும் நடுவர்களில் ஒருவர் கேட்டார்: "ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டீர்களே, இப்போது வந்து கேட்பது நியாயமா?" நான் ஆகஸ்டில் கேட்ட அதே கேள்வி. தமிழ்மதி சொன்ன பதிலையே சொன்னேன். அதோடு நிறுத்த முடியவில்லை.

"இந்தப் பேச்சு என்னோடது இல்லைங்க சார். நான் சிலி. இதப் பேச வேண்டிய பொலிவியா திண்டுக்கல் பக்கத்துல ஒரு அகதி முகாம்ல இருக்கு. அங்க நேத்து ஆஜர் எடுத்தாங்க. அதனால வர முடியல" என்றேன்.

எங்களுக்கு இரண்டாம் பரிசு. கேடயத்தை நேராக முகாமுக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்தேன். அவள் அதை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முதல் பரிசு எந்த ஊருக்கு, அவர்கள் என்ன பேசினார்கள் என்று கேட்டுத் துளைத்தாள்.

அக்டோபர் முதல் தேதி நிஜத் தீர்ப்பு. இங்கே சாயங்காலம். ஆல்வின் சாருடைய கம்ப்யூட்டர் முன்னால் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டோம். நெதர்லாந்தில் நீதிபதி இங்கிலீஷில் வாசிக்க வாசிக்க, சார் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். பேசியே ஆக வேண்டும் என்ற கடமை சிலிக்கு இல்லை. பன்னிரண்டு நீதிபதிகள் அந்தப் பக்கம், மூன்று பேர் இந்தப் பக்கம்.

என் நாடு ஜெயித்துவிட்டது. தமிழ்மதியின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

"கடைசியா ஒண்ணு சொன்னாரே சார், அது என்ன?" என்று அவள்தான் கேட்டாள்.

"இந்தத் தீர்ப்பு வந்துருச்சேன்னு ரெண்டு நாடும் பேசிக்கிறத நிறுத்த வேண்டியதில்ல, நல்ல அண்டை வீட்டுக்காரங்களாப் பேசிக்கலாம்னு."

"பேசலாம்னு சொல்லியிருக்காங்கள்ல, போதும்" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "அக்கா, நான் ஒங்ககூட இனியும் பேசுவேன்" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. முருகேசன் அண்ணன் கீழே போய் எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தார்.

அடுத்த வருஷம் சீட்டுக் குலுக்கும்போது அவள் எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு இருக்கிறதே இருக்கட்டும் சார். கெடச்ச நாட்டை எதுக்கு மாத்துவாக?" யாரும் மறுக்கவில்லை. நான் மொராக்கோ ஆனேன், முருகேசன் அண்ணன் ஜப்பான் ஆனார், அவள் மட்டும் பொலிவியாவாகவே இருந்தாள்.

கொரோனா வந்தது. டிராவல்ஸ் படுத்தது, வகுப்பும் நின்றது. ஆல்வின் சார் சிறுமலையில் தன் அப்பாவின் வாழைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டார். நாங்கள் எப்போதாவது கல்யாண வீட்டில் பார்த்தால், "என்னா நெதர்லாந்து, நல்லாருக்கீகளா?" என்று கேட்டுக்கொள்வோம். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

தமிழ்மதியின் அம்மா கடைசிக் காலத்தில் மன்னார் மண்ணைப் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இரண்டு வருஷத்துக்கு முன் அவர்களுக்குப் போக வழி கிடைத்தது. திருச்சிக்குப் போய் விமானம் ஏற வேண்டும். வழியனுப்ப பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். முருகேசன் அண்ணன் ஒரு கூடை மல்லிகை கொண்டுவந்திருந்தார். அவ்வளவு பூவையும் விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது என்று யாரும் யோசிக்கவில்லை. ஆல்வின் சார் மலையிலிருந்து முதல் பஸ் பிடித்து இறங்கியிருந்தார். ஊருக்குப் போக வேண்டும் என்று அத்தனை வருஷம் சொல்லிக்கொண்டிருந்த அம்மா, பஸ் கிளம்பும்போது ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் இஞ்சதான் கனகாலம் இருந்தனான்" என்று சின்னப் பிள்ளை போல அழுதார். தமிழ்மதி அழவில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"புவனேஸ்வரி யாருங்க?" என்று நர்ஸ் கூப்பிட்டாள். எழுந்து உள்ளே போனேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மன்னாருக்குப் போன் போட்டேன். அவள் அங்கே ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்க்கிறாள். வகுப்பு நடந்த மாடிக்குப் போனதைச் சொன்னேன். ஜன்னல் இருக்கிறதா, படியில் அந்த உடைந்த ஓடு இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"பாஸ்போர்ட் வாங்கிட்டேன்க்கா" என்றாள். "என் பேரு, என் நாடு எல்லாம் அடிச்சு வந்துருக்கு. மொத நாள் தலகாணிக்கடியில வச்சுப் படுத்தேன்."

"அப்புறம் என்னடி, இப்ப நீ சொந்த நாட்டுக்காரி ஆயிட்ட."

"இங்க என்னைய எல்லாரும் இந்தியாக்காரின்னுதான் சொல்றாங்கக்கா. வாயத் தொறந்தாப் போதும், கண்டுபிடிச்சுர்றாங்க. நேத்து பக்கத்து வீட்டு அக்காகிட்ட, இன்னைக்கு என்ன வெஞ்சனம்னு கேட்டேன். அவுகளுக்குப் புரியல. தொட்டுக்கிற கறிக்கு அப்படிச் சொல்லுவோம்னு வெளக்கிச் சொன்னேன். அப்பவும் சிரிக்கிறாங்க." குரல் இறங்கியது. "அக்கா, நீங்க ஒரு தடவ கேளுங்களேன்."

என் அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கேட்டேன்.

"ஏம்மா தமிழ்மதி, இன்னைக்கு உங்க வீட்டுல என்ன வெஞ்சனம்?"

"மீன் கொழம்புக்கா" என்றாள். "முருங்கக்கீரையும் வதக்கியிருக்கேன். வாங்க, சாப்பிடலாம்."