டேஷ்போர்டிலிருந்து இறங்கிய மாதா

புதுக் காருக்கு ஃபாதர் தீர்த்தம் தெளித்த கையோடு, என் வீட்டுக்காரர் ஓஸ்வால்ட் ஒரு காரியம் செய்தார். ஒரு சாண் உயரப் பளிங்கு மாதா சுரூபத்தைக் கொண்டுவந்து, டேஷ்போர்டில் நான் உட்காரும் பக்கமாகப் பசை போட்டு ஒட்டிவிட்டார். அதுவும் எங்கே? ஏர்பேக் மூடிக்கு நேர் மேலே. எனக்கு வந்ததே கோபம்!

அப்போது எனக்கு ஏழாவது மாதம். எலெக்ட்ரானிக் சிட்டியில், வண்டிகளுக்கு இன்சூரன்ஸ் கொடுக்கும் கம்பெனியில் வேலை. நாள் முழுக்க நொறுங்கிய கார்களின் படங்களைத்தான் பார்க்கிறேன். இடித்தால் ஏர்பேக் கண்ணிமைக்கும் முன்னே மூடியைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். மூடிமேல் எது இருந்தாலும் வெடி வைத்ததுபோல் பறக்கும்.

"ஏங்க, முதல்ல அதை எடுங்க. எங்கேயாவது இடிச்சா நேரா என் மூஞ்சிக்குத்தான் வரும்."

"வாயைக் கழுவு ஆஞ்சி! மாதா உன்னை அடிப்பாங்களா?"

"மாதா அடிக்கமாட்டாங்க. கல்லு அடிக்கும்."

அவர் முகம் சுருங்கிப்போனது. அதற்கு முந்தின வருடம் எங்கள் முதல் குழந்தை மூன்றாம் மாதமே கலைந்துவிட்டது. இது நல்லபடியாகப் பிறக்கும்வரை மாதா எங்களோடு காரில் வரவேண்டும் என்று நேர்ந்திருந்தார். எனக்கும் தெரியும், பாவமாகவும் இருந்தது. அதற்காக விட்டுக்கொடுக்க முடியுமா?

இரண்டு நாள், வீடு இருக்கும் தொம்மலூரிலிருந்து கம்பெனி கேபில் வேலைக்குப் போனேன். மனுஷன் காலிக் காரை ஓட்டிக்கொண்டு கேபுக்குப் பின்னாலேயே வந்தார். எரிச்சலாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் வெளியே வந்தால், என் ஹேர் டிரையரால் பசையைச் சூடாக்கிக்கொண்டு நிற்கிறார்.

"மாதாகிட்ட கேட்டேன். வீட்டுலயே இருக்கேன்னு சொல்லிட்டாங்க," என்றார் என்னைப் பார்க்காமலேயே.

அன்று என் சீட்டை முடிந்தவரை பின்னால் தள்ளினேன். பெல்ட்டின் கீழ்ப்பட்டையை வயிற்றுக்கு அடியில், இடுப்பெலும்போடு ஒட்டிப் போட்டேன். மேல்பட்டை மார்புக்கு நடுவே வந்து வயிற்றை விட்டு ஒதுங்கிப் போனது. பெல்ட் ஆளைப் பிடிக்க வேண்டும், ஏர்பேக் தாங்க வேண்டும். பெல்ட் போடாதவளை அந்தப் பையே ஓங்கி அறைந்துவிடும் என்று அவருக்கு விளக்கினேன்.

அடுத்த வாரம் ஸ்கேனுக்குப் போகும்போது, முன்னால் போன தண்ணி லாரி சடாரென்று நின்றது. இவர் பிரேக் போட்டும் போய் இடித்துவிட்டோம். பெல்ட் என்னை இழுத்துப் பிடித்தது, டமாரென்று சத்தம், வெள்ளைப் பை என் முகத்தில் அமுங்கியது. அப்புறம் ஒரே தூசி, இருமல்.

"ஆஞ்சி! ஆஞ்சி!" என்று அவர் கத்தினார்.

"இருக்கேங்க," என்றேன். கை வயிற்றை விட்டு நகரவில்லை. உள்ளே ஓர் அசைவும் இல்லை. எனக்கு உயிரே போய்விட்டது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா வயிற்றில் கருவியை வைத்து அங்கும் இங்கும் நகர்த்தினார். அறையெங்கும் கேட்டது, லப்டப், லப்டப் என்று. அவ்வளவு வேகமாக, அவ்வளவு தெளிவாக.

ஓஸ்வால்ட் சுவரோடு சாய்ந்து தேம்பினார். "அதை மட்டும் நான் எடுக்காம இருந்திருந்தா..."

"பேசாதீங்க," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். "கேளுங்க."