பதினேழாம் எண்ணுக்கு ஒரு சீட்டு

கடைசிப் பீரியடை நினைத்தாலே கணக்கு டீச்சர் சுவர்க் கடிகாரத்தை எதிரியைப் போல முறைப்பாள். வினையை விலைக்கு வாங்கியவள் அவளேதான். மூன்று வாரத்துக்கு முன் ஒரு வெள்ளிக்கிழமை, பயிற்சி வகுப்பு முடித்த சூட்டோடு, செருப்புப் பெட்டியின் மூடியில் ஓட்டை போட்டு, ‘நல்ல சொல் பெட்டி’ என்று எழுதி மேசைமேல் வைத்தாள். வகுப்பில் யாரைப் பற்றியாவது ஒரு நல்ல வார்த்தை எழுதிப் போட வேண்டும்; எழுதியவர் பெயர் வேண்டாம். வருகைப் பதிவேட்டு வரிசைப்படி தினம் ஒருவர் திறந்து படிக்க வேண்டும். கேலி, கிண்டல் எல்லாம் தலைதெறிக்க ஓடிவிடும் என்று பயிற்சியில் சொன்னார்கள். சொன்னவர்கள் இந்த ஏழாம் வகுப்பைப் பார்த்ததில்லை.

பெட்டி நிரம்பி வழிந்தது. வகுப்பு லீடர் தும்முவதுகூட அழகு என்று மூன்று சீட்டு. பதினேழாம் எண்ணுக்கு மட்டும் ஒன்றுமில்லை. சோடா பாட்டில் கனத்துக்குக் கண்ணாடி போட்ட அந்தப் பெண்ணுக்கு வகுப்பு வைத்த பெயர் ஆந்தை. முன்பாவது காதோரம் கேலி செய்தார்கள். இப்போது அவளைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை என்று தினமும் மணியடித்து அறிவித்தது போலாயிற்று. அவள் பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

அன்று காலை அவள் அம்மா, கழுத்தில் அளவு டேப்போடு தையல் கடையிலிருந்து நேரே வந்து நின்றாள்.

“சாயங்காலம் வந்து டிசி வாங்கிக்கறேன் டீச்சர். புள்ள வீட்லயும் வாயத் தொறக்க மாட்டேங்குது.”

“இன்னிக்கு ஒரு நாள் பொறுங்கம்மா.”

“மூணு வாரமா பொறுத்தாச்சே!”

மதிய இடைவேளையில் டீச்சர் வரைபடச் சுருள்களுக்குப் பின்னால் திருடியைப் போல ஒளிந்துகொண்டாள். நோட்டுத் தாளைக் கிழித்து இடது கையால் எழுதினாள். வியர்வையைப் பிழிந்திருந்தால் ஒரு வாளி தேறும். ‘மாடிப்படிக்குக் கீழ உக்காந்து எனக்குப் பின்னம் சொல்லிக்குடுத்தா ஆந்தை. நான் தப்பாப் போட்டப்பவும் சிரிக்கவே இல்ல.’ பொய்யில்லை. அவள் யாருக்கோ சொல்லிக்கொடுத்ததை டீச்சர் பார்த்திருக்கிறாள். அந்த யாரோ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்ததால் முகம் தெரியவில்லை.

கடைசிப் பீரியட். பதினாறாம் எண், லீடர். சீட்டுகளை ராணி ஆணை படிப்பதுபோல் படித்துக்கொண்டே வந்தவளுக்கு ஒரு சீட்டில் குரல் தடுக்கியது. முகம் வெளுத்தது. தட்டுத்தடுமாறிப் படித்து முடித்தவள், தாளின் அடியைப் பார்த்ததும் துள்ளினாள்.

“டேய், இத டீச்சரே எழுதியிருக்காங்கடா! டிக்கு, கையெழுத்து, தேதி... எல்லாம் இருக்கு!”

இருபத்தாறு வருஷம் நோட்டுத் திருத்திய வலது கை அது. கொசுவை அடித்தாலும் அதன்மேல் ஒரு டிக் போடும். இடது கை எழுதி முடித்ததும், அது தன்பாட்டுக்குச் சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் வேலையைப் பார்த்திருந்தது.

வகுப்பு சிரித்த சிரிப்பில் மின்விசிறி நின்று சுற்றியது. டீச்சருக்கு மேசைக்குள் புகுந்துவிடலாம் போலிருந்தது. தொலைந்தோம், நம் கையாலேயே தொலைந்தோம்.

பதினேழாம் எண் எழுந்து நின்றது.

“டிக் போட்டிருக்குல்ல? அப்போ சரின்னுதானே அர்த்தம்?” துருப்பிடித்த குரல். கண்ணாடி லீடர் பக்கம் திரும்பியது. “நீயே சொல்லு. சரிதானே?”

லீடர் சீட்டையே பார்த்தாள். சிரிப்பு ஒவ்வொரு பெஞ்சாக அணைந்தது.

“...ம்.”

அவ்வளவுதான். மாடிப்படிக்குக் கீழே பார்த்த முதுகு யாருடையது என்று டீச்சருக்கு விளங்கிவிட்டது.

மணி அடித்ததும் டீச்சர் அலுவலக ஜன்னலுக்கு ஓடினாள்; பின்னாலேயே பதினேழாம் எண். அம்மா படிவத்தை விரித்துப் பேனா மூடியைத் திறந்திருந்தாள்.

“திங்கக்கிழம நான் வரணும்மா.”

பேனா நின்றது. மூன்று வாரத்தில் மகள் அம்மாவிடம் பேசிய முதல் வாக்கியம். “எதுக்குடி?”

“பெட்டி தொறக்கறது என் மொற.”

அம்மா டீச்சரைப் பார்த்தாள். பிறகு படிவத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். கிழிக்கவில்லை.

“திங்கக்கிழமையும் சாயங்காலம் வருவேன் டீச்சர்.”

டீச்சர் தலையாட்டினாள். அன்றைக்குள் பதினேழாம் எண்ணுக்கு ஒரு சீட்டாவது விழ வேண்டும். அதற்கு இனி அவளுடைய இரண்டு கையும் உதவாது.