கிழக்குப் பார்த்த வெட்டு

பக்கத்துக் கூடாரத்து ஹாலிஸின் மோட்டார் ரம்பம் மரத்துக்குள் பாதி இறங்கியிருந்தபோது வெண்டல் கண்ணைத் திறந்தார். மகள் மார்னி அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே அப்பாவைக் காணோம். அந்த இடத்தில் பட்டமரம் கிடந்தது. அதன் மறுபக்கம் தம்பி கிளின்ட் வண்டியின் இரும்புக் கயிற்றை அடிமரத்தில் சுற்றி மாட்டிக்கொண்டே கத்திக்கொண்டிருந்தான். யாரைப் பார்த்துக் கத்துகிறான் என்று அவனுக்கே தெரிந்திருக்காது.

"பாப்பா" என்றார் அப்பா. நாற்பது தாண்டியவளை அவர் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார். அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். ரம்பத்தின் இரைச்சலில் அவர் உதடு அசைவது காதில் பட்டதே தவிர, பாதி வார்த்தை வந்து சேரவில்லை. மறுபடியும் சொன்னார்.

"கை ரம்பம்... கெளைக்குள்ள எங்கயோ கெடக்கு. எடுத்து ஆத்துல போட்டுரு. ஒருத்தரும் பாக்கக் கூடாது."

"எதுக்குப்பா?"

"போட்டுருவியா?"

அவள் தலையாட்டினாள். சாகப்போகிறவர் என்ன கேட்டாலும் தலை தானாக ஆடிவிடுகிறது.

மரம் இரண்டாகப் பிளந்தது. கிளின்ட் வண்டிக்கு ஓடி இழுவை விசையை அமுக்க, கயிறு விறைத்து, துண்டு உருண்டு விலகியது. இனி பிழைத்துக்கொள்வார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அதுவரை ரத்தத்தை அடைத்துப் பிடித்திருந்தது அந்த மரம்தான். அது நகர்ந்ததும் ஒரு மூச்சு விட்டார். அடுத்தது வரவில்லை. மார்னியின் மடி முழுக்கச் சூடாக நனைந்தது.

ஹாலிஸ் ரம்பத்தை நிறுத்தினார். அப்போதுதான் ஆற்றின் சத்தம் கேட்டது. விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. கிழக்கேயிருந்து அடித்த கீழ்க்காற்று இன்னும் ஓயவில்லை. ஆற்றில் இன்னும் மேலே முகாம் போட்டிருந்த ஒருவர் மலைமுகட்டுக்கு வண்டியை விரட்டியிருந்தார். அங்கே போனால்தான் போன் எடுக்கும். காவல்துறை வந்து சேர மதியமாகிவிடும்.

இத்தனைக்கும் காரணமான அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. கிளியர்வாட்டர் ஆறு வளைகிற முனையில், லார்ச் மரங்களுக்கு நடுவே கொஞ்சம் தட்டையான நிலம். குழாய் கிடையாது, கழிப்பறை கிடையாது, கேட்பாரும் கிடையாது. அரசாங்கக் காடு. எல்க் மான் வேட்டை தொடங்கும்போது யார் முதலில் வந்து கூடாரம் அடிக்கிறாரோ அவருக்கு அந்த இடம். கிளம்பும்போது விறகு பிளந்து அடுக்கி, மேலே ஒரு தார்ப்பாய் போட்டுவிட்டுப் போவார்கள். அடுத்து யார் வந்து அதில் குளிர்காய்வார் என்று யாருக்கும் தெரியாது, யாரும் கவலைப்படுவதும் இல்லை.

வெண்டல் வருஷா வருஷம் எப்படியாவது முதல் ஆளாக வந்துவிடுவார். முடியாத வருஷத்தில் கிளின்ட்டை முன்னாலேயே அனுப்பிக் காலிக் கூடாரம் ஒன்றை அடித்துவைப்பார். பஸ் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். இந்த வருஷம் ஒரு கண்ணில் ஆபரேஷன். டாக்டர் சொன்ன ஓய்வை முழுசாக முடிக்காமல் வண்டி ஏறக் கூடாது என்று மார்னி ஒற்றைக்காலில் நின்றாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது அந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கூடாரம் நின்றது, உள்ளே அடுப்பு எரிந்து புகைக்குழாயில் புகை வந்துகொண்டிருந்தது. ஹாலிஸ் வெளியே வந்து, காபி குடிக்கிறீர்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார்.

வெண்டல், இது என் இடம், காலி பண்ணு என்றார்.

"ஓகோ, பத்திரம் இருக்கா?" என்று ஹாலிஸ் சிரித்தார். அந்தச் சிரிப்புதான் வினை. அப்பா எதை மறந்தாலும் மறப்பார், தன்னைப் பார்த்துச் சிரித்த முகத்தை மறக்க மாட்டார்.

ஆற்றோரமாகக் கொஞ்சம் மேலே போனால் இதைவிட நல்ல இடம் இருந்தது. வீம்புக்கென்று வெண்டல் அங்கேயே, ஹாலிஸின் கூடாரத்துக்கு மேற்கே, ஒரு பட்டமரத்தைத் தாண்டிக் கூடாரம் அடித்தார். பழைய காட்டுத்தீயில் வெந்து நின்ற பெரிய லார்ச் அது. வாழ்நாள் பூராவும் மரம் வெட்டிப் பிழைத்தவர், பட்டமரத்துக்குப் பக்கத்தில் படுக்கிறவனை முட்டாள் என்று திட்டியவர். மார்னி அதைச் சொல்லிப் பார்த்தாள். உன் பேச்சைக் கேட்டுத்தான் இடம் போச்சு என்று ஒரே போடாகப் போட்டார். 

மறுநாள் ஹாலிஸின் தண்ணீர் கேன்கள் ஆற்றில் மிதந்தன. பதிலுக்கு ஹாலிஸ் வந்து இவர்கள் அடுப்பை எட்டி உதைத்தார்; கொதித்த பீன்ஸ் சட்டியோடு கவிழ்ந்து மார்னியின் புறங்கையைப் பொசுக்கியது. கிளின்ட் அவர் சட்டையைப் பிடித்துத் தரையில் தள்ளி விலாவில் மிதித்தான். எழுந்து போகும்போது ஹாலிஸ் திரும்பி நின்று, "இந்தப் பட்டமரம் ஒரு நாள் உன் மண்டையிலதான் விழும் கெழவா" என்றார். அது முந்தாநாள் பேச்சு. இன்று விழுந்துவிட்டது.

ஹாலிஸின் மனைவி பெர்னிஸ் ஒரு பேசினில் வெந்நீரும் துணியும் கொண்டுவந்தார். யாரும் கேட்கவில்லை. வெண்டலை ஒரு போர்வையில் கிடத்தியதும் பக்கத்தில் மண்டியிட்டு, அவர் வாயில் உறைந்த ரத்தத்தைத் துடைத்தார். பிறகு நெற்றி, பிறகு புருவம். புருவத்தில் மரத்தூள் அப்பியிருந்தது. மோட்டார் ரம்பம் வாரியடித்த தூள் என்று நினைத்திருப்பார். மார்னியும் அப்படித்தான் நினைத்தாள், அப்பாவின் சட்டைக் கைமடிப்பைப் பார்க்கிற வரை. மடிப்புக்குள் தூள் கெட்டியாக இறுகியிருந்தது. நெடுநேரம் கையால் ரம்பம் இழுத்தவனுக்குத்தான் அங்கே சேரும்.

 அவள் எழுந்து மரத்தின் அடிக்கட்டைக்குப் போனாள்.

மரம் எந்தப் பக்கம் சாய வேண்டுமோ அந்தப் பக்கம் முதலில் ஆப்பு வடிவத்தில் ஒரு வாய் வெட்டுவார்கள். பிறகு எதிர்ப்பக்கம் நின்று ரம்பத்தை ஓட்டுவார்கள். இந்த வாய் கிழக்கே பார்த்திருந்தது. அதற்கு நேர் எதிரே வெள்ளைக் கூடாரம். ஹாலிஸும் பெர்னிஸும் தூங்கிக்கொண்டிருந்த கூடாரம். கீழ்க்காற்று எழும்பிக் கூடாரங்கள் படபடத்துக்கொண்டிருந்த நேரத்தில், ஒரு கண்ணால் மதிப்புப் போட்டு, மேற்கே நின்று அப்பா இழுத்திருக்கிறார். காற்று மரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டது. கூடாரத்தின் மேலேயே விழட்டும் என்று நினைத்தாரா, பக்கத்தில் விழுந்து பயமுறுத்தினால் போதும் என்று நினைத்தாரா, அது அவருக்கே வெளிச்சம். அவள் கண்ணெதிரே இருந்தது அந்த வாய் மட்டும்தான்.

"என்ன பாக்கறே?"

கிளின்ட் பின்னால் வந்து நின்றான். அடிக்கட்டையைப் பார்த்தான். ரம்பம் அறுத்த மழமழப்பு மட்டும் அவன் கண்ணில் பட்டது, வாய் எந்தப் பக்கம் என்று அவன் பார்க்கவில்லை. தலையைத் திருப்பி ஹாலிஸைப் பார்த்தான். ஹாலிஸ் கையில் ரம்பம் இருந்தது.

"இது காத்துல விழல" என்றான். "அறுத்திருக்கான்."

அவள் சொல்லியிருக்கலாம்.  அப்பாவுக்குத் தலையாட்டியது ஞாபகம் வந்து விழுங்கிவிட்டாள். அப்பா சாகும்போது வேறெதையும் கேட்கவில்லை. ரம்பத்தை ஆற்றில் போடு என்றது, தன்னைப் பற்றி நாலு பேர் கெட்டதாகப் பேசக் கூடாது என்று கேட்டதுதான், அதுவும் அவளிடம் கேட்டார்.

அந்தக் கொஞ்ச நேரத்தில் கிளின்ட் வண்டிக்குப் போய்த் துப்பாக்கியோடு வந்துவிட்டான்.  துப்பாக்கியைத் திருப்பிப் பிடித்து அதன் கட்டையால் ஹாலிஸின் வாயில் இடித்தான். பல் உடைகிற சத்தம் மார்னிக்குக் கேட்டது. ஹாலிஸ் மல்லாந்தார். மோட்டார் ரம்பம் கல்லில் போய் விழுந்தது. இரண்டாவது இடி மூக்கில். மூன்றாவதற்கு அவர் கையைக் குறுக்கே வைக்க, விரல்கள் நசுங்கின. கிளின்ட் அவர் நெஞ்சில் பூட்ஸ் காலை ஊன்றி, துப்பாக்கியை நேராகத் திருப்பிக் குண்டை உள்ளே தள்ளினான்.

பெர்னிஸ் எழுந்திருக்கவில்லை. மண்டியிட்டபடியே, துணியைக் கையில் பிடித்தபடியே பேசினார். "ராத்திரி பூரா எம் பக்கத்துலதான் படுத்திருந்தாரு. மரம் விழுந்த சத்தத்துலதான் ரெண்டு பேரும் எழுந்தோம். சத்தியமாச் சொல்றேன் தம்பி."

"நீ அப்படித்தான் சொல்லுவே" என்றான் கிளின்ட். "மண்டையில விழும்னு சொன்னான்ல. எல்லாரும்தான் கேட்டோம்."

ஹாலிஸ் ஏதோ சொன்னார். வாயில் ரத்தம் நிறைந்து வார்த்தை வரவில்லை. துப்பாக்கி முனை அவர் கன்னத்தை அழுத்தியது.

மார்னி கிளைக்குவியலுக்குள் புகுந்தாள். காய்ந்த குச்சிகள் முகத்தைக் கீறின. முழங்காலில் ஊர்ந்து, கையால் துழாவி, கை ரம்பத்தைக் கண்டுபிடித்துவிட்டாள். தகடு வளைந்திருந்தது. கைப்பிடி விண்டு போனதால் இந்த வேட்டைக்கு முன்னால் நீல டேப் சுற்றிக் கொடுத்தவன் கிளின்ட்தான். இந்தப் பக்கம் ஆறு கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. வீசியிருந்தால் போயிருக்கும், ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஒரு நொடி அவள் ஆற்றைத்தான் பார்த்தாள்.

பிறகு வெளியே வந்து ரம்பத்தைத் தம்பியின் காலடியில் போட்டாள்.

"டேப்பு யார் சுத்துனது?"

கிளின்ட் குனிந்து பார்த்தான். 

"வாய் எந்தப் பக்கம் வெட்டியிருக்குன்னு போய்ப் பாரு. பாத்துட்டு வந்து சுடு."

"பொய்" என்றான்.

"அப்பாவே எங்கிட்ட சொன்னாரு. எடுத்து ஆத்துல போட்டுருன்னு சொல்லிட்டுத்தான் செத்தாரு."

அவன் துப்பாக்கியை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு அவளை அறைந்தான். கீழே விழுந்தாள். காதுக்குள் விண்ணென்றது. எழுந்து அதே இடத்தில் வந்து நின்றாள். மறுபடியும் அறைந்தான். மறுபடியும் எழுந்தாள். அதற்கு மேல் அவன் அடிக்கவில்லை. ஹாலிஸின் நெஞ்சிலிருந்து காலை எடுத்து அடிக்கட்டைக்கு நடந்தான். வாயைப் பார்த்தான். அது பார்த்த திசையைப் பார்த்தான். வெள்ளைக் கூடாரத்தின் வாசலில் பெர்னிஸின் செருப்புகள் ஜோடியாகக் கிடந்தன.

விழுந்து கிடந்த மரத்தின் மேல் சுடத் தொடங்கினான். பட்டை தெறித்தது. துப்பாக்கி காலியான பின்னும் விசையை இழுத்துக்கொண்டே இருந்தான். கடைசியில் அதன் குழாயைப் பிடித்து மரத்தில் அடித்து இரண்டாக உடைத்தான். உட்கார்ந்தான். அழுதானா இல்லையா என்று மார்னி பார்க்கவில்லை. பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை.

பெர்னிஸ் வெண்டலின் முகத்தை ஏறக்குறைய முடித்திருந்தார். இடது காது மட்டும் பாக்கி. அதன் மடிப்பில் தூள் இருந்தது. துணியைக் காதருகே கொண்டுபோனவர் அடிக்கட்டையைப் பார்த்தார், தன் கூடாரத்தைப் பார்த்தார். துணியைப் பேசினுக்குள் போட்டார். தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புருஷனைத் தூக்கி நிறுத்தப் போனார்.

மதியம் காவல் அதிகாரி ஒருவர் வந்தார், இளைஞர். மரத்தைச் சுற்றி நடந்து, வளைந்த ரம்பத்தையும் உடைந்த துப்பாக்கியையும் பார்த்தார். மரத்தை அறுத்தது யார் என்று கேட்டார். மார்னி வாயைத் திறப்பதற்குள் கிளின்ட், "எங்கப்பா" என்றான். எதற்காக என்று கேட்டதற்கு, "அவங்க கூடாரத்து மேல சாய்க்க" என்றான். சொல்லும்போது தரையைத்தான் பார்த்தான்.

அதிகாரி ஹாலிஸிடம், "முகத்துல என்ன சார்?" என்றார்.

ஹாலிஸ் வாயிலிருந்து துண்டை எடுத்தார். கிளின்ட்டை வெகுநேரம் பார்த்தார். "கட்டை தெறிச்சிருச்சு" என்றார்.

மார்னியின் வீங்கிய கன்னத்தையும் அதிகாரி பார்த்தார். எதுவோ எழுதிக்கொண்டார். உடலை எடுத்துப்போக வேறு வண்டி வரும், மேலே போய்த் திருப்பங்களில் வழிகாட்டிக் கூட்டிவருகிறேன், அதுவரை எதையும் தொடாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பெர்னிஸ் ஆணிகளைப் பிடுங்கினார். வெள்ளைக் கூடாரம் கீழே சரிந்தது. ஹாலிஸ் உடைந்த விரல்களோடு ஒற்றைக் கையால் அடுப்பைத் தூக்கி வண்டியில் வைத்தார். கிளின்ட் உதவப் போனான். பெர்னிஸ் கையைக் காட்டி அவனை அங்கேயே நிறுத்திவிட்டார். கடைசியாக ஹாலிஸ் விறகுக் குவியலுக்குப் போய், காற்றில் விலகியிருந்த தார்ப்பாயை இழுத்து மூடி, நான்கு மூலையிலும் கல் வைத்தார். வண்டி போய்விட்டது.

இடம் காலியாகிவிட்டது. அப்பா கேட்டது அதைத்தான்.

மெல்லப் பனி விழத் தொடங்கியது. உடலை எடுக்க வேண்டிய வண்டி வரவில்லை. இவர்கள் அடுப்பில் வெறும் சாம்பல்தான் இருந்தது. கிளின்ட்டுக்குப் பல் கிட்டியது. மேல்சட்டையைக் கழற்றி அப்பாவின் மேல் போட்டிருந்தான். மார்னி எழுந்து நடந்தாள். கூடாரம் நின்ற இடத்தில் புல் மஞ்சளாக, நீள்சதுரமாகப் படிந்திருந்தது. அதில் நின்று திரும்பிப் பார்த்தாள். அடிக்கட்டையின் வாய் நேராக அவளைப் பார்த்துத் திறந்திருந்தது.

கல்லை நகர்த்தி, தார்ப்பாயைத் தூக்கி, ஒரு கை நிறைய விறகு எடுத்துவந்தாள்.

"யாரு விறகு?" என்றான் கிளின்ட், தெரிந்துகொண்டே.

"அடுத்து வர்றவங்களோடது" என்றாள்.

ஒரே தீக்குச்சியில் பற்றிக்கொண்டது. இருவரும் கையை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து அவள் அப்பாவின் பக்கம் நகர்ந்து, சட்டைக் கையின் நுனியை எச்சிலில் நனைத்து, இடது காதைத் துடைத்தாள்.